மூடினார்

அவர் பதக்கத்தைக் காட்டத்தான் எடுத்தார். அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அங்கேயே காரியம் கைமீறிப் போனது.

"கொண்டாந்துட்டீங்களாய்யா," என்றாள். "எம்புள்ளைக்கு ஏதாச்சும் தருவாங்கன்னு மூத்தவ செலின் சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

பதக்கம் அவருடையது. கடற்படையில் சிறப்பான சேவைக்காகப் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் கொடுப்பது. போன மாதம்தான் டெல்லியில் வைத்துக் குத்தினார்கள். அவள் மகன் கபிரியேல் மாதிரி இன்ஜின் அறைப் பையன்களுக்கு அது கிடையாது.

வந்ததும், கபிரியேலின் கப்பலில் இருந்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். கேப்டன் என்று சொல்லவில்லை. பதக்கத்தை அவள் முன்னால் வைத்து, இது எதற்குக் கிடைத்தது தெரியுமா அம்மா என்று ஆரம்பிக்க வேண்டும். தூத்துக்குடியில் ரயில் இறங்கியதிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர்தான். ஒரு கப்பலையே கட்டி ஆண்ட வாய். இப்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பதக்கத்தை முந்தானையால் துடைத்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"என்ன எழுதியிருக்காங்க? படிங்கய்யா."

பெட்டிக்குள் மடித்து வைத்த தாள். இங்கிலீஷ். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. அதைத் தாண்டி இரண்டாவது வரியிலிருந்து தமிழில் சொன்னார்.

"இன்ஜின் அறையில் தீப்பிடித்தபோது, பக்கத்து அறையில் வெடிமருந்து இருப்பதை உணர்ந்து, சற்றும் பதறாமல், தம் கையாலேயே கதவை மூடினார். இருநூற்றுப் பன்னிரண்டு உயிர்களைக் காப்பாற்றினார்."

யார் மூடினார் என்று சொல்லவில்லை. தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மூடினாரா? எம்புள்ளையவா 'ர்' போட்டு எழுதியிருக்காங்க?"

"மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவாங்க."

"மூடினார்." அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சிரித்தாள். இருபத்து மூன்று வயசுப் பயல். தெருவில் அவனை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அய்யா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. கதவ உள்ள இருந்து மூடினானா, வெளிய இருந்தா?"

உடலைக் கொண்டுவந்தவர்கள், கதவு மூடியிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரை வருஷமாக அவள் அந்த ஒரு சொல்லோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். எம்புள்ள உள்ள கெடக்கையில எவனோ ஒருத்தன் சாத்திட்டான்.

அந்த எவனோ ஒருத்தன், அவள் ஆற்றிக் கொடுத்த காப்பியோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அன்று தீப்பிடித்ததும், உள்ளே இருந்தவன் வெளியே வர நாலு நிமிஷம் காத்திருந்தார்.

அதற்குமேல் கப்பல் தாங்காது. கதவருகே நின்ற பையன்களுக்குக் கை வரவில்லை. அவரேதான் கைப்பிடியைச் சுற்றி இறுக்கினார்.

உள்ளேயிருந்து கபிரியேல் தட்டினான். பதினொரு தடவை.

அது தாளில் இல்லை.

"உள்ள இருந்துதான் அம்மா."

அவள் மூச்சு விட்டாள். அப்புறம் அழுதாள். ஒன்றரை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த அழுகை, வாய்விட்டு வந்தது.

"அப்ப அவனேதான். லீவுல வந்தாலும் அப்படித்தான்யா. ஒவ்வொரு கதவா சாத்திக்கிட்டே போவான். காத்து வரலையேடான்னா, கப்பல்ல பழகின கைம்மா, தானா போவுதும்பான்."

அவருக்குத் தெரியும். அவருக்கும் அதே கைதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதக்கத்தைத் தன் இடது தோளருகே வைத்துப் பார்த்தாள். படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

"வலப்பக்கம்," என்றார். "வாங்கினவங்க போட்டா இடப்பக்கம். இல்லாதவங்களுக்காக வீட்டுக்காரங்க போட்டா வலப்பக்கம்."

சரி என்று மாற்றி அவளே குத்திக்கொண்டாள்.

அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

அவள் விரல் பதக்கத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"இங்க சுத்தி என்னமோ வெட்டியிருக்கே. பேரா?"

"பேர்தான்."

"செலின் ஞாயித்துக்கெழம வாறா. பள்ளிக்கூடத்துல டீச்சரு. இங்கிலீசு நல்லாப் படிப்பா. எந்தம்பி பேரு பாருன்னு காட்டுவா."

அன்று வியாழன்.

திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடலாம். மெருகு போட்டு அனுப்புகிறேன் என்றால் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிடுவாள்.

அவர் கேட்கவில்லை.

பேனாவை எடுத்தார். தாளின் முதல் வரியில் இருந்த தன் பெயருக்குக் கீழே ஃபோன் நம்பரை எழுதினார். மடித்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வாறேன் அம்மா."

"சாப்பிடாமப் போறீங்களேய்யா. அவன் பேரச் சொல்லி ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போலாம்ல."

கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

வாசலைத் தாண்டியதும் கை தானாகக் கதவுக்குப் போனது. முப்பத்து நாலு வருஷப் பழக்கம்.

பாதியில் இழுத்துக்கொண்டார்.

திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கி நடந்தார்.