மழை வாசனை அத்தர்

மனசு சரியில்லாத நாளெல்லாம் தவளை, மூஞ்சூறின் அத்தர் கடைக்குப் போய்விடும். அன்று தாழம்பூ அத்தரை மோந்து பார்த்துத் தும்மியது. சந்தனம் பூசினால் தூக்கம் வந்தது.

"இந்த வெயிலுக்கு உங்களுக்கு இதுதாண்ணே" என்று மூஞ்சூறு ஒரு குப்பியைத் திறந்தது. மழை விழுந்த மண்ணின் வாசனை. தவளை இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு பாடியபடியே வீட்டுக்குக் கிளம்பியது.

வழியில் வாசனை எட்டியதும் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. மயில் தோகையை விரித்து ஆடியது. மாலைவரை ஒரு துளி விழவில்லை.

விஷயம் தெரிந்ததும் எறும்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. "இந்தப் பக்கம் பூசிக்கிட்டு வராதீங்கண்ணே."

"என் மனசுக்கு இதுதான் ஒத்துவருது" என்றது தவளை. தினமும் பூசியது. நாளடைவில் அந்த வாசனையை யாரும் சட்டை செய்யவில்லை.

ஒரு நாள் தவளை கடைப்பக்கமே போகவில்லை, அத்தரும் பூசவில்லை. ஆனாலும் வாசனை வந்தது. எறும்புகள் புரண்டு படுத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. புற்றுக்குள் வெள்ளம்.

முட்டையைத் தலையில் வைத்து நீந்திக்கொண்டே எறும்பு கரையிலிருந்த தவளையிடம் சொன்னது: "அண்ணே, இன்னைக்கு ரொம்ப அதிகமாப் பூசிட்டீங்க."