புளிக்காத அப்பமா

காலை வெயில் சட்டியின் விளிம்பில் விழுந்துவிட்டது. இரவு கள் விட்டுக் குழைத்து வைத்த அப்பமா இன்னும் பொங்கவில்லை. சுவேதினி அகப்பையால் கிண்டிப் பார்க்கிறாள். ஒரு குமிழி இல்லை, கள்ளின் புளிப்பு வாசமும் இல்லை. கரைத்து வைத்த சுண்ணாம்பு போல அசையாமல் கிடக்கிறது. குனிந்து மணக்கும்போதுதான் அந்த மருந்து நெடி மூக்கில் ஏறுகிறது. வெள்ளம் வடிந்த கையோடு சுகாதாரப் பரிசோதகர் நேற்றுக் கிணற்றில் குளோரின் போட்டுவிட்டுப் போனார். வயிற்றோட்டக் கிருமியைக் கொன்ற தண்ணீர் கள்ளில் இருந்த நல்ல கிருமியையும் விட்டுவைக்கவில்லை. பழக்கதோசத்தில் அதிலேயே அள்ளி மாக் குழைத்தது அவள் கைதான். தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளங்கள் அணைகிற சத்தம் கேட்கிறது. இனிக் கடலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகப் பசியோடு அவளின் அப்பக்கடைக்கு வருவார்கள். புருசன் றொசாந்தன் வாளியைத் தூக்குகிறான்.

“பக்கத்து வளவுக் கிணத்தில அள்ளிக்கொண்டு வாறன். அதுக்கு இன்னும் மருந்து போடேல்லை. இப்ப குழைச்சால் பின்னேரம் சுடலாம்.”

“அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தவள்?”

“அப்ப கடை?”

“இண்டைக்குப் பூட்டு. எங்கட தண்ணியையே கொதிக்க வைச்சு ஆறவிட்டால் மருந்து போயிடும். நாளைக்குச் சுடுவம்.”

அடுப்பில் பெரிய பானை ஏறுகிறது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாலு வயது மகள் அனுஜா, மெலிந்த கையில் வெறும் கோப்பையோடு வாசலில் நிற்கிறாள். சுவேதினி புருசனின் கையிலிருந்த வாளியை வாங்கி, அடுப்படியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பிள்ளையை இருத்துகிறாள்.