கட்டில் கால்கள்

"வீட்டில யாராவது இருந்தா கொஞ்சம் இங்கே வரலாம்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஷெட்டிலிருந்து கூப்பிட்ட ஃபிட்டரைக் கழித்தால் மிச்சம் அவன் மனைவி ஒருத்திதான். ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு மனசு வரவில்லை. பேச்சு நின்று ஒன்பது நாள் ஆகிறது. இறங்கி வந்ததாக ஆகிவிடாதா?

கூப்பிடாமல் இருக்கவும் வழியில்லை. இரும்பு அறுக்கும் பேண்ட் சா மெஷின், எழுபது கிலோ, ஒரு முனை மட்டும் புது ஸ்டாண்டின் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. மோட்டார் உள்ள கனமான முனை அவன் தொடைமேல். முட்டுக் கொடுத்திருந்த ஸ்டூல் சரிந்து மூலையில் கிடந்தது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

எல்லாம் அந்தச் செயின் பிளாக்கால் வந்த வினை. ஷெட்டின் விட்டத்தில் எப்போதும் தொங்குகிற, கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி, காலையிலிருந்து காணோம். பக்கத்துத் தெரு மெக்கானிக்கைப் போனில் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். போன மாதமே திருப்பிக் கொடுத்தாச்சு என்று அவர் சத்தியம் பண்ணினார். ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. யார் தயவும் வேண்டாம் என்று வீராப்பாகத் தனியே தூக்கப் போய், இதோ மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறவங்களை எதுக்குக் கூப்பிடறாங்களோ, தெரியலை."

எதிர்ப்பக்க வாசலில் மனைவி நின்றாள். ஊருக்குப் போகும் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். பை புடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை மாதத்துக்குத் துணி எடுத்துக்கொண்டாளோ என்று அவன் அதையே பார்த்தான்.

சண்டை இந்த ஸ்டாண்டால் வந்ததுதான். மெஷினோடு வந்த தகரக் கால்கள் ஒவ்வோர் அறுப்புக்கும் ஆடித் தொலைத்தன. கெட்டி இரும்பு தேடியவன் கண்ணில், பின் அறை இரும்புக் கட்டில் பட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு கால்களையும் அறுத்தெடுத்து, கீழே சக்கரம் வைத்து, ஸ்டாண்டாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான். அவள் தங்கை வந்தால் படுக்கிற கட்டில் அது. இனி அவள் இங்கே வர வேண்டாம், நானே அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதோடு அவள் வாயை மூடினாள். இன்று காலை அந்தப் பை நடைக்கு வந்துவிட்டது. திரும்பி எப்போது வருவாள் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அவள் மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைவிட இரண்டு மடங்கு கனமான ஆட்களையெல்லாம் புரட்டிப் போடுகிறவள்.

"சக்கரம் பூட்டியாச்சான்னு கேட்டா பதில் வருமா?"

"அதெல்லாம் அப்பவே பூட்டியாச்சு."

அவள் குனிந்து தன் பக்கத்து முனைக்கு அடியில் விரல்களைக் கொடுத்தாள். மூன்று சொன்னதும் தள்ள வேண்டும் என்றாள். வார்டில் நோயாளியைப் படுக்கைக்கு மாற்றுகிற அதே குரல்.

மூன்று சொன்னாள். அவன் தள்ளினான். மெஷின் அரை அடி நகர்ந்தது, கூடவே ஸ்டாண்டும் நகர்ந்தது. ஒரு சக்கரம்கூடப் பூட்டியிருக்கவில்லை. மொத்தக் கனமும் அவளை நோக்கி உருண்டது. அவள் விரல்கள் மெஷினுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இருந்தன.

"ஏய், உன் கை! நீ விட்டுடு, கையை எடு!"

"நான் விட்டா உங்க கால்மேல கவுந்துடும்."

அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, காலால் பையை நெட்டிச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினாள். ணங் என்று ஒரு சத்தம். ஸ்டாண்ட் அப்படியே நின்றது. உள்ளே டிபன் கேரியர் இருக்கிறது போல என்று நினைத்தபடி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அவன் ஒரே தள்ளாகத் தள்ளினான். மெஷின் மேலே ஏறி உட்கார்ந்தது.

நான்கு போல்ட்டையும் முறுக்கி முடித்தான். அதன் பிறகுதான் அவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தான். பத்தும் பத்திரமாக இருந்தன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீன்னு கூப்பிட ஒன்பது நாள் ஆச்சு" என்றாள் அவள்.

"கட்டிலை அறுத்தது தப்புதான். உன்னைக் கேட்டு, நீ சொல்ற அளவுல புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன். ஊருக்குப் போகாதே."

அவள் விட்டத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது.

"இனிமே ஓடினாலும் பஸ் கிடைக்காது. பையை உள்ளே கொண்டுபோய் வையுங்க. முட்டியை மடக்கித் தூக்கணும், இடுப்பு பிடிச்சுக்கும்."

நாலு புடவைக்கு இத்தனை பாடமா என்று சிரித்தபடி அவன் ஒரு கையால் பையை இழுத்தான். பை அசையவில்லை. குழப்பத்தோடு குனிந்து ஜிப்பைத் திறந்தான்.

உள்ளே ஒரு புடவைகூட இல்லை. காலையிலிருந்து அவன் தேடிய செயின் பிளாக்தான், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.