திறந்த ஒரே கதவு

2024 பெப்ரவரி இரண்டாம் வாரம், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் குளிர் மைனஸ் எட்டு.

மோர்மன் சபை ஊழியத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த விதுர்சனும் துணை ஊழியன் கார்ட்டரும் வீடு வீடாகத் தட்டினார்கள். கதவுகள் முகத்திலறைந்தாற்போல் மூடிக்கொண்டன. ஊழியத்தை விட்டு ஓடாமல் விதுர்சனைப் பிடித்து வைத்திருந்தது புஷ்பவதி என்ற தமிழ்ப் பெண்ணின் வீடு ஒன்றுதான். கிழமைதோறும் உள்ளே கூப்பிட்டு, மாம்பழச் சாறு கொடுத்து, வேதம் கேட்பாள்.

“தம்பி, அப்பா ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?” என்று போன கிழமை கேட்டிருந்தாள். அப்பாவிடம் விசாரித்து வந்து இன்று சொன்னான்.

“ஓகோ, அந்தப் பக்கமே? பாத்தா அப்பிடித் தெரியேல்லை,” என்று சிரித்தாள்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். மறுநாள் அம்மாவோடு தொலைபேசியில் பூரித்தான்.

“அந்த அன்ரி கட்டாயம் ஞானஸ்நானம் எடுப்பா, அம்மா. அப்பான்ரை ஊரெல்லாம் விசாரிச்சவா.”

“ஊரைச் சொன்ன பிறகு என்னத்திலை குடிக்கத் தந்தவா?”

“கார்ட்டருக்கு வழமையான கண்ணாடித் தம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப். ஏன்?”

பத்தொன்பது வருடமாக அவனுக்குச் சொல்லாதிருந்த சாதியின் பெயரை அம்மா அப்போதுதான் சொன்னாள்.

சனிக்கிழமை விதுர்சன் ரொறன்ரோ பஸ்ஸில் ஏறினான்.