பிளிமத் பூனையின் குட்டிகள்

பிளிமத் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலில் ஒரு பூனையும் வந்தது. வயிற்றில் குட்டிகளோடு அது புதுக் கரையில் இறங்கியபோது மணல் காலைச் சுட்டது. மீன்கூட வேறு மாதிரி மணத்தது. பூனைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாலுமிகள் ஒரு கம்பத்தை நட்டு, "இனி இது பிளிமத்!" என்று கூவினார்கள். பூனை ஓடிப்போய்க் கம்பத்தில் உடம்பை உரசிக்கொண்டது.

மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு நண்டு வெளியே வந்தது.

"பூனையம்மா, இந்த ஊர் அலைமடி. கம்பம் என் வளைமேல் நிற்கிறது."

"கோபிக்காதே நண்டண்ணே. எங்கள் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது."

"நன்றாகத் தூங்கம்மா. ஆனால் நான் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், இனி என்ன சொல்வேன்?"

பூனை கனத்த வயிற்றோடு உட்கார்ந்து, ஈர மணலில் நண்டுக்குப் புது வளை தோண்டிக் கொடுத்தது. அந்தக் களைப்பிலேயே வலி கண்டு, அங்கேயே மூன்று குட்டிகளை ஈன்றது.

நண்டு கண்களை நீட்டிப் பார்த்தது. "அடடா! எந்த ஊர்ப் பிள்ளைகள் இவர்கள்?"

பூனை கம்பத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு கடைசிக் குட்டியின் தலையை நக்கிக்கொண்டே சொன்னது:

"அலைமடிப் பிள்ளைகள், அண்ணே."