எழுத்தில் சூடு

கடைகளுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஜாபிருக்குப் பதுளையில் கிடைத்த முதல் வாடிக்கையாளர், கம்பளிக் கடை ஸாலிஹ் முதலாளி.

“அப்புத்தளைக் குளிரும் அஞ்சி ஓடும் கம்பளி” என்று எழுதிக் கொடுத்தான். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எழுத்துல சூடு காணாது, தம்பி.”

மூன்று தடவை மாற்றி எழுதினான். நமக்கு எழுதத்தான் வருமா என்ற சந்தேகமே வந்துவிட்டது. கடைசியில், முதலில் எழுதியதையே படியெடுத்து நீட்டினான்.

“இதுதான் எழுத்து. வைங்க, நானே ஒட்டுறன். நீங்க கோணலா ஒட்டிருவீங்க” என்று வாங்கிக்கொண்டார் முதலாளி.

ஞாயிறன்று கடை வாசலில் தேயிலைத் தோட்டத்துச் சனம் நெருக்கியடித்தது. கங்காணி ஒருவர் கழுத்தை வளைத்து உரக்கப் படிக்க, சிரித்தவர்களெல்லாம் கம்பளி வாங்க நுழைந்தார்கள்.

“பாத்தீங்களா, நான் திருத்தின எழுத்துக்கு வந்த கூட்டத்த?” என்றார் முதலாளி.

ஜாபிர் சுவரைப் பார்த்தான். நோட்டீஸ் தலைகீழாக ஒட்டியிருந்தது.