மருமகனின் போத்தில்

“இது யாருடையது?”

அமெரிக்க எல்லை அதிகாரியின் உள்ளங்கையில் பெருவிரல் அளவில் ஒரு மண்ணிறப் போத்தில். காரின் பின்பக்கம் இருந்த சாப்பாட்டுப் பையைக் கிண்டி எடுத்திருந்தார்.

காலையில் மொன்றியலில் புறப்பட்ட நாலு பேரும் அவர் முன்னால் நின்றார்கள். பேரின்பநாதன், மனைவி சிவநேசம், மகள் ஆர்த்திகா, மருமகன் கீர்த்திகன். நியூஜேர்சியில் மகன் பிரசாந் புது வீடு வாங்கியிருந்தான். குடிபுகுதலுக்குத்தான் இந்தப் பயணம்.

“என்ன பிள்ளை அது?” பேரின்பநாதன் மகளிடம் கேட்டார்.

அதிகாரி லேபிளைப் பார்த்துவிட்டுத் தானே சொன்னார். “கஞ்சா எண்ணெய்.”

பேரின்பநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. மொன்றியலில் தாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸில் அரசாங்கம் கஞ்சாக் கடை திறக்கப்போகுது என்று ஒரு கதை அடிபட்டபோது, வீடு வீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கிய மனிசன் அவர்.

சிவநேசம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீர்த்திகன் முன்னுக்கு வந்துவிட்டான்.

“என்னுடையது, சேர். மொன்றியலில் அரசாங்கக் கடையில் வாங்கியது. அங்கே சட்டப்படி சரி.”

“தெரியும்,” என்றார் அதிகாரி, கோபமே இல்லாமல். “இந்த றோட்டால் கொஞ்சத் தூரம் போனால் நியூயோர்க் மாநிலத்திலும் கடை வைத்து விற்கிறார்கள். அங்கேயும் சரி. ஆனால் நான் மாநிலத்தின் ஆள் இல்லை. மத்திய அரசின் ஆள். மத்திய அரசின் சட்டத்தில் இது இன்னும் போதைப்பொருள்தான்.”

வடக்கே குற்றமில்லை. தெற்கேயும் குற்றமில்லை. நடுவில் இருந்த இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் குற்றம்.

போத்தில் பறிபோனது. கீர்த்திகனை உள்ளே கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். இனி அவன் அமெரிக்காவுக்குள் வர முடியாது. மற்ற மூவரும் போகலாம்.

“நீங்கள் போங்கோ மாமா. நீங்கள் இல்லாமல் அங்கை பால் காய்ச்ச மாட்டினம்,” என்றான் கீர்த்திகன். “நான் என்ரை சிநேகிதன் நிஷானைக் கூப்பிட்டுத் திரும்பிப் போறன்.”

பேரின்பநாதன் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

ஆர்த்திகா ஓட்டினாள். எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் றோட்டுக்கரையில் பெரிய பச்சை இலை போட்ட விளம்பரப் பலகை ஒன்று வந்தது. பேரின்பநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

பின் சீற்றில் சிவநேசம் அழுதுகொண்டே வந்தாள்.

“அழாதையும்,” என்றார் அவர். “இப்பவாவது ஆள் ஆரெண்டு தெரிஞ்சுதே, நல்ல காலம்.”

சிவநேசம் இன்னும் கூடுதலாக அழுதாள்.

குடிபுகுதல் நல்லபடி முடிந்து மொன்றியலுக்குத் திரும்பினார்கள். கீர்த்திகனுக்குத்தான் ஒன்றும் நல்லபடி முடியவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லொங்குய்யில் பொதி கட்டும் மெஷின்கள் திருத்தும் கொம்பனியில் அவனுக்கு வேலை. வாடிக்கைக்காரர் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். போகமுடியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கொம்பனி ஆளை நிறுத்திவிட்டது.

“நல்லா வேணும் அவனுக்கு,” என்றார் பேரின்பநாதன்.

அவருக்கும் அந்தக் கிழமை நல்லதாக இல்லை. முழங்கால் இரண்டும் உளைந்தன. படி இறங்கினால் உயிர் போனது. ஒரு வருஷமாக மறந்தே போயிருந்த வலி, நியூஜேர்சியால் வந்த கையோடு திரும்பவும் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலமை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, நீ உடுப்பை அடுக்கிக்கொண்டு இஞ்சை வந்திடு. கஞ்சா குடிக்கிறவனோடை ஒரு வீட்டிலை எப்பிடியம்மா இருக்கிறது?”

“அப்பா, அவர் அப்பிடி ஆள் இல்லை.”

“நான் என்ரை கண்ணாலை பார்த்தனான்.”

“அம்மாட்டைப் போனைக் குடுங்கோ.”

“அம்மாவோடை என்ன கதை? நான் சொல்லுறதை யோசி.” வைத்துவிட்டார்.

குசினிப் பக்கம் திரும்பினார். “இஞ்சேரும், கால் பிடுங்கி எடுக்குது. அந்தக் கரண்டி மருந்து எங்கை? பயணம் போனதிலையிருந்து நீர் தரேல்லை. மறந்துபோனீரோ?”

மருந்து என்றால் சிவநேசம் கரண்டியில் விட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார். என்ன மருந்து என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சிவநேசம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் இருந்தாள்.

“மறக்கேல்லை. அதை எல்லையிலை பறிச்சுப்போட்டாங்கள்.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“டொக்டர் சொன்ன மருந்துதான். பேரைச் சொன்னால் மாமா குடிக்கமாட்டார், சொல்லாதேங்கோ எண்டு கீர்த்திகன்தான் மாதாமாதம் வாங்கித் தந்தவர். அவருக்குச் சொல்லாமல் நான்தான் பையிலை வைச்சன். உங்கடை பேரைப் பதிஞ்சிருந்தால் பேந்து நீங்கள் பிரசாந்தின்ரை வீட்டு வாசலையும் மிதிக்க ஏலாது, அதுதான் அவர் தன்ரை எண்டு சொன்னவர்.”

பேரின்பநாதன் கையிலிருந்த போனை மேசையில் வைத்தார்.

“மகளைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ,” என்றாள் சிவநேசம். “கஞ்சா குடிக்கிறவரோடை ஒரு வீட்டிலை எப்பிடி இருக்கிறதெண்டு, ஒரு வருஷமா இருக்கிற நான் சொல்லிக் குடுக்கிறன்.”